ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி

முக்காலியில் உட்கார்ந்த மறுநொடியே வடிவு சிஸ்டருக்கு ஏதோ களவு செய்து பிடிபட்டாற்போல உடம்பு கூசியது. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் ஒரு நோயாளியின் கட்டிலோரம் அவள் உட்கார்ந்ததே கிடையாது. நர்ஸ் என்றால் நிற்கிற பிறவி. நின்றபடி ஊசி, நின்றபடி ஏச்சு, நின்றபடி இட்லி. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து நீலக்கொடி மாதிரி ஏறிக் கிடப்பதுதான் அந்த நிற்றலுக்கு அரசாங்கம் கொடுத்த விருது. இப்போது என்னடாவென்றால் உட்காரச் சொல்கிறார்கள். அதுவும் சும்மா இல்லை, நோயாளியின் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டுமாம். கண்மட்டம் என்று பார்த்தால் தரையில்தான் சப்பணம் போட வேண்டும். முக்காலியில் இருந்தால் பதினான்காம் கட்டில் மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் கண்ணுக்கு நேரே வருவது அவளுடைய கோட்டுப் பையும் அதில் செருகியிருக்கிற கத்தரிக்கோலும்தான். கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு எந்த மனுஷன் மனசைத் திறப்பான்? எடுத்து வைக்கலாமா, வைத்தால் எங்கே வைப்பது, வைத்த இடத்தில் மறந்துவிட்டால் கூட வேலை பார்க்கிற அந்த ஜெசிந்தா எடுத்துக்கொண்டு போய்விடுவாள், போன வருஷம் நல்ல கத்தரி ஒன்று அப்படித்தான் போனது, நிச்சயமாக அவள்தான், கேட்டால் வேளாங்கண்ணி மாதா சத்தியமாக இல்லை என்பாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தூங்குகிறாரா? தூங்கட்டும், தாயே, தூங்கட்டும். பதினைந்து நிமிஷம் இவர் தூங்கிவிட்டால் நானும் சும்மா உட்கார்ந்து எழுந்துவிடுவேன், தேர்வும் முடிந்துவிடும். உறங்குகிற நோயாளியை எழுப்பி உங்கள் ஆன்மா எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்லி எந்தப் பாடத்திலும் இருக்காது. ஆனால் பச்சைத் தடுப்புத்துணிக்குக் கீழே இரண்டு ஷூ தெரிகிறது. வெள்ளை ஷூ, ரோஸ் கயிறு. ஷூவுக்குள் அபராஜிதா மேடம் நிற்கிறாள். கையில் மார்க் போடுகிற தாளுடன் நிற்கிறாள்.

அபராஜிதா மேடத்துக்கு வயசு முப்பது இருந்தால் அதிகம். சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். தீராத வியாதிக்காரர்களுக்கு மருந்து மாத்திரை மட்டும் போதாது, மனசுக்கும் ஆன்மாவுக்கும் துணை வேண்டும், அதை நர்ஸுகள்தான் கொடுக்க முடியும் என்று மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் பேச்சு, இரண்டாம் நாள் நடிப்பு, மூன்றாம் நாளான இன்றைக்கு நிஜ நோயாளி. ஒவ்வொருத்தருக்கும் கால் மணி நேரம். நோயாளிகளிடம் மேடமே நேற்று அனுமதி கேட்டுவிட்டாள். மந்திரமூர்த்தி அண்ணாச்சி, "பேசட்டும், வார்டுல டிவியும் இல்ல" என்று சம்மதம் சொன்னாராம். வடிவுக்கு இந்தப் பயிற்சியின் மேல் ஒரு கோபமும் இல்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது, முதல் நாள் கேசரிகூடப் போட்டார்கள். ஆனால் அந்த முதல் நாள் பத்தரை மணிக்கு மேடம் ஒரு கேள்வி கேட்டாளே, அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது. "நோயாளி பயந்துபோய் உங்க கையைப் பிடிக்கிறார். நீங்க என்ன சொல்வீங்க?" நாற்பது நர்ஸும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்: "ஒண்ணும் ஆகாது." மேடம் சிரித்தாள், அதைப் பலகையில் பெரிதாக எழுதினாள், எழுதி அதன் மேல் சிவப்பு மையால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டாள். இதை மட்டும் சொல்லக்கூடாது என்றாள். இது நோயாளியின் வாயை அடைக்கிற சொல்லாம். கதவைச் சாத்துகிற சொல்லாம். வடிவுக்கு அந்தச் சிவப்புக்கோடு தன் பெயர் மேலேயே விழுந்தது போலிருந்தது. செண்பகவடிவு என்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறதே, அது கூட இவ்வளவு அவளுடையது இல்லை, அதைக் கூப்பிட ஆள் கிடையாது, எல்லோருக்கும் வடிவு சிஸ்டர்தான்; ஆனால் ஒண்ணும் ஆகாது முழுக்க முழுக்க அவளுடையது. பாம்பு கடித்தவனுக்குச் சொல்லியிருக்கிறாள், பிரசவ வலியில் புருஷனை ஏசுகிறவளுக்குச் சொல்லியிருக்கிறாள், விஷம் குடித்த பிள்ளைக்குக் குழாய் சொருகிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை சர்க்கரை வியாதியில் காலை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த வாத்தியார் ஒருவரிடம் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாள். அவர் போர்வையை விலக்கிக் காட்டி, "ஆயிட்டே சிஸ்டர்" என்றார். வீட்டிலும் இதேதான். அவள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். தினம் பல் தேய்க்கும்போது, "வடிவு, இடது பக்கம் சுருக்குன்னு ஒரு வலி" என்பார். வடிவு தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணும் ஆகாது" என்பாள். அவரும் வாய் கொப்பளித்துவிட்டுப் போய்க் கம்பத்தில் ஏறுவார். இருபத்துநாலு வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே. அப்படியானால் அந்தச் சொல்லில் ஏதோ இருக்கத்தானே செய்கிறது? இதை மேடத்திடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அந்தக் கேள்வி உங்களுக்கு ஏன் முக்கியம்னு சொல்லுங்க" என்பாள். அவளிடம் மணி கேட்டாலும் அதைத்தான் கேட்பாள் போல.

சட்டையில் குத்தியிருக்கிற வாட்சைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். பத்து நாற்பத்தெட்டு. மூன்று நிமிஷம் போயிருக்கிறது. இன்னும் பன்னிரண்டு. மௌனமும் ஒரு துணைதான் என்று மேடம் சொல்லியிருக்கிறாள், ஆகையால் இந்த மூன்று நிமிஷத்துக்கும் மார்க் உண்டு. எட்டாம் கட்டில் பாட்டாவின் இருமல். காரிடாரில் டிராலிச் சக்கரம். அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனை தடவை சொல்லியாயிற்று. காலையில் வெண்டைக்காய் வதக்கிவிட்டு அடுப்பை அணைத்தோமா? அணைத்தோம். அணைத்ததாகத்தான் ஞாபகம். நேற்று அணைத்த ஞாபகமா இன்றைக்கு அணைத்த ஞாபகமா? ஜெசிந்தாவுக்குக் காலையிலேயே தேர்வு முடிந்துவிட்டது. பெண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டில் ஆச்சியிடம் உட்கார்ந்து, உங்கள் மனபாரத்தை இறக்கி வையுங்கள் என்று ஆரம்பித்தவள், ஆச்சி வாயைத் திறப்பதற்குள் தன் மகள் கல்யாணம் தட்டிப் போவதை நினைத்துத் தானே ஓவென்று அழுதுவிட்டாளாம். ஆச்சி அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "அழாத தாயி, ஒண்ணும் ஆகாது" என்றாளாம். இப்போது சான்றிதழ் ஜெசிந்தாவுக்கா ஆச்சிக்கா என்று வராந்தா முழுக்க ஒரே பேச்சு. அந்தச் சிரிப்பு இப்போது வடிவுக்கு வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பியது. அடக்கினாள். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால் மார்க் எவ்வளவு குறைப்பார்கள் என்று தெரியவில்லை. சிரிப்பை அடக்கினால் அந்த இடத்தில் வேறொன்று எழும்புகிறது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலோரக் கட்டில். அது இந்த வார்டு கூட இல்லை, பக்கத்து வார்டு, இங்கிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அந்தப் பக்கம் போக வேண்டாம். வெண்டைக்காய். அடுப்பு அணைத்தாயிற்று.

"சிஸ்டர்," என்றார் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. கண்ணைத் திறக்கவில்லை. "உக்காந்திருக்கியளா, போயிட்டியளா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"சத்தமே இல்லையேன்னு கேட்டேன். வந்த வேலையை ஆரம்பிங்க."

தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் முப்பத்திரண்டு வருஷம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். இப்போது முகத்தில் மூக்கும் மீசையும்தான் பாக்கி. கண்ணிலும் தோலிலும் மஞ்சள் அரைத்துப் பூசியது போல நிறம், கைகால் சுள்ளி, வயிறு மட்டும் நீர் கோத்து நிறைமாசக்காரி மாதிரி. ஈரலில் கட்டி. வந்து பன்னிரண்டு நாளாகிறது. குரல் மட்டும் குறையவில்லை. சாயங்காலம் விசிட்டர்கள் வந்து வழியை அடைத்தால் படுத்தபடியே, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியா கெடக்கு" என்று குரல் கொடுப்பார், ஜனமும் தன்னையறியாமல் நகர்ந்து போகும். வடிவு தொண்டையைச் செருமிக்கொண்டாள். கேள்விகள் நாலும் அட்டையில் அச்சடித்துக் கோட்டுப் பையில் இருக்கிறது, பார்த்துப் படிக்கக்கூடாது, பேச்சோடு பேச்சாக வர வேண்டும். பேச்சோடு பேச்சாக எப்படி வரும்? இன்றைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி அண்ணாச்சி, அது சரி, உங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் தருவது எது என்றா?

"அண்ணாச்சி, உங்களுக்குத் தெம்பு குடுக்கிறது எது?"

"குளுக்கோஸ்."

"அது இல்ல அண்ணாச்சி. மனசுக்கு."

"மனசுக்குத் தனி பாட்டிலா? எனக்கு இன்னும் ஏத்தலையே."

ரோஸ் கயிறு ஷூ ஒன்று லேசாக அசைந்தது. எழுதுகிறாள். குளுக்கோஸ் என்று எழுதியிருப்பாளோ. வடிவுக்கு அக்குளில் வியர்த்தது. நர்ஸ் படிப்பின் வாய்மொழித் தேர்வில் கூட இப்படி வியர்க்கவில்லை, மூலநோய் ஆபரேஷனுக்கு வந்த தாசில்தாருக்கு எனிமா கொடுத்தபோது கூட வியர்க்கவில்லை. அடுத்த கேள்வி எது, அர்த்தமா சாமியா? சாமி. சாமி பரவாயில்லை, பழகின ஆள்.

"சாமி நம்பிக்கை உண்டா அண்ணாச்சி?"

"எந்தச் சாமின்னு சொல்லுங்க. சிலதுகிட்ட பேச்சுவார்த்தை உண்டு, சிலதுகிட்ட கிடையாது." இப்போது கண்ணைத் திறந்தார். "எங்க ரூட்டுல ஒரு சாஸ்தா கோயில். தெனம் ரெண்டு டிரிப்பும் நிறுத்துவோம். டிரைவர் சூடம் கொளுத்துவான், நான் விபூதி வாங்கி பஸ்ஸு நெத்தியில பூசுவேன். ஒருநா அந்தக் கோயில் வாசல்லயே வச்சு பிரேக் போச்சு. நேரே கோயில் சுவர்லதான் போய் முட்டுச்சு. அன்னையிலருந்து பேச்சு இல்ல."

"சாமி சுவரைக் குடுத்து காப்பாத்துச்சுன்னு நினைக்கலையா நீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் பகீரென்றது. நோயாளியின் நம்பிக்கையைத் திருத்தக்கூடாது. அது மூன்றாவது விதியோ நாலாவது விதியோ. ஷூ மறுபடி அசைந்தது. அண்ணாச்சி கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "அப்படியும் இருக்கலாம். இதை நீங்க பதினெட்டு வருசத்துக்கு முன்ன சொல்லியிருந்தா சமாதானமாப் போயிருப்பேன்" என்றார். பிறகு தலையணையில் கொஞ்சம் மேலே நகரப் பார்த்தார், முடியவில்லை, வடிவு எழுந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிச் சாய்த்துவிட்டாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை, இதில் கை தானாகப் போகிறது, கைக்கு ஒரு பயமும் இல்லை. உட்கார்ந்தால்தான் பயம். உட்கார்ந்தாள்.

"நீங்க கேட்டியள்லா, இப்ப நான் ஒண்ணு கேக்கேன்," என்றார் அவர். "மூணு நாளா இந்த வார்டுல என்ன நடக்கு?"

"என்ன அண்ணாச்சி?"

"முந்தியெல்லாம் ஒரு சிஸ்டர் வந்தா ஊசியைப் போட்டமா, ஒண்ணும் ஆகாது அண்ணாச்சின்னு சொன்னமா, போனமான்னு இருக்கும். மூணு நாளா ஒருத்தரும் அதைச் சொல்ல மாட்டேங்காக. வாராக, உக்காருதாக, கையைப் புடிக்காக, தலையை ஒருபக்கமாச் சாய்ச்சு, உங்க மனசுல என்ன ஓடுதுன்னு கேக்காக. நேத்து ஊசி போடுத அந்தச் சின்னப் புள்ள கேக்கு. அவளுக்கு இருவத்திரண்டு வயசு இருக்குமா? அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு, சரி, நம்ம ஸ்டாப் வந்துட்டுன்னு. அந்த ஒண்ணும் ஆகாதுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். நான் கண்டக்டரு. 'இன்னா வண்டி எடுத்தாச்சு, இன்னா எடுத்தாச்சு'ன்னு சொல்லிச் சொல்லியே அரைமணி நேரம் வண்டியை ஸ்டாண்டுல போட்டிருப்போம். ஜனங்களுக்கும் தெரியும் அது பொய்யின்னு. ஆனா அதைக்கூட சொல்லலைன்னு வைங்க, எல்லாரும் எறங்கிப் போயிருவான்." மூச்சு வாங்கினார். பிறகு அவள் பையிலிருந்த கத்தரிக்கோலைத் தாண்டி நேரே முகத்தைப் பார்த்தார். "இப்பச் சொல்லுங்க. எனக்கு ஆகுமா, ஆகாதா?"

இதுதான். இந்தக் கேள்விக்குத்தான் அவள் மூன்று நாளாகப் பயந்தாள், மூன்று நாள் என்ன, ஆறு வருஷமாக. வாய்க்குள் அந்தச் சொல் வந்து நின்றது, விக்கல் மாதிரி, தும்மல் மாதிரி, தானாக. ஒண்ணும் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிடேன். கேட்கிறவரே அதைத்தான் கேட்கிறார், வேண்டியதைக் கொடுப்பதில் என்ன குற்றம், பொய் என்று தெரிந்தே கேட்கிறார், பொய் என்று தெரிந்தே கொடு, கணக்குத் தீர்ந்தது, வாட்சு பத்து ஐம்பத்துநாலு. தடுப்புக்குப் பின்னால் இருப்பவள் மார்க் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும், இந்த வயசில் மார்க்கை வைத்துக்கொண்டு என்ன, கல்யாணமா ஆகப்போகிறது. சொல். ஆனால் கூடப்பிறந்த ஆவுடை அக்காவும் இதே மாதிரித்தான் நேரே முகத்தைப் பார்த்தாளே. ஜன்னலோரக் கட்டில். மார்பில் ஆரம்பித்து முதுகெலும்புக்குப் போய்விட்டது. வெளியே வேப்பமரம், அக்காவின் வலது கையில் தையல் மெஷின் ஓட்டி ஓட்டிக் காய்த்த பெருவிரல். "வடிவு, நீ நர்ஸு. மத்தவங்க என்னமும் சொல்லட்டும். நீ நெஜத்தைச் சொல்லு." வடிவு அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? சொட்டு சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டு சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது, சரியாக விழுகிற சொட்டையே சரிபார்த்து, சொட்டைக் கூட்டிக் குறைக்கிற அந்தச் சின்ன உருளையை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், ஒண்ணும் ஆகாதுக்கா. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தாள். பதினோரு நாளும் பேசினாள். பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று பேசினாள், பக்கத்துக் கட்டில்காரி சீப்பை எடுத்துக்கொண்டு தரவில்லை என்று பேசினாள், அதை மட்டும் பேசவில்லை. எதைச் சொல்ல நினைத்தாளோ. ஒன்றும் சொல்ல நினைக்கவில்லையோ என்னவோ. சும்மா பயமாயிருக்கிறது என்று சொல்ல நினைத்திருக்கலாம், அவ்வளவுதான், அதற்கென்ன, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் உருளையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பாள். முக்காலி இருந்தது. முக்காலி பக்கத்திலேயேதான் இருந்தது, அதில் ஆரஞ்சுப் பழப் பை இருந்தது. அதைத் தூக்கிக் கீழே வைக்க எவ்வளவு நேரமாகும்? கையில் வேலை இல்லாமல் அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்று தெரிந்துதானே நான் உட்காரவில்லை. கால் வலி இல்லை, வேலை இல்லை, பயம். சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டா? டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டர் அண்ணாச்சியின் மகளிடம் சொன்னார். மகள் உலகு வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்றாள். டாக்டர் சரியென்றார். எல்லோரும் சரியென்றார்கள். ஒருத்தரும் இவரைக் கேட்கவில்லை. வடிவின் கை தானாக மேலே போய்க் குளுக்கோஸ் குழாயின் உருளையைத் தொட்டது. சொட்டு சரியாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆகும் அண்ணாச்சி," என்றாள்.

கூரை இடிந்து விழவில்லை. மின்விசிறி அதே கிரீச்சோடு சுற்றியது. எட்டாம் கட்டில் இருமியது. வடிவுக்குக் காது இரண்டும் சுட்டது, ஐயோ என்ன சொல்லிவிட்டேன், வாயா இது, பயிற்சியில் இப்படிச் சொல்லச் சொல்லவே இல்லையே, மெதுவாக, படிப்படியாக, அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு, எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டு, அப்புறமல்லவா. ஒரே சொல்லில் உடைத்துவிட்டேன், தேங்காய் மாதிரி. இவருக்கு இப்போதே ஏதாவது ஆகிவிட்டால்? நாடியைப் பிடித்துப் பார்க்கலாமா?

அண்ணாச்சி மீசையை ஒருதரம் தடவினார். "டாக்டர் சொன்னதா, நீங்களாச் சொல்லுதியளா?"

"டாக்டர் சொன்னதுதான். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கக் கூடாது. நாளைக்கு அவரை உக்கார வச்சு விவரமாப் பேசச் சொல்லுதேன்."

"உலகுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்ல கூத்து. அவ வந்து ஒண்ணும் ஆகாதுப்பாங்கா. நான் அவளுக்கு ஒண்ணும் ஆகாதும்மாங்கேன். ரெண்டு பேரும் மாறி மாறி டிக்கெட்டுக் கிழிச்சுக்கிட்டு இருக்கோம், வண்டி ஓடவே இல்ல." சிரிக்கத்தான் ஆரம்பித்தார், சிரிப்பு பாதியில் திரும்பிக்கொண்டது, தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். துண்டு மூச்சுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கியது. வடிவு வாட்சைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் போயிற்றென்று பிற்பாடு ஜெசிந்தா கேட்டபோதும் அவளால் சொல்ல முடியவில்லை.

"பயமா இருக்கா அண்ணாச்சி?"

துண்டுக்குள்ளிருந்து, "இருக்கு," என்று வந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

துண்டு விலகியது. "உங்களுக்கு எதுக்கு? டிக்கெட்டு எனக்குல்லா?"

அந்த நேரம் பார்த்துக் கஞ்சி வந்தது. ஆயா இசக்கியம்மாள் எவர்சில்வர் கிண்ணத்தைக் கட்டில் மேஜையில் டங்கென்று வைத்துவிட்டு, இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணாச்சி ஸ்பூனால் ஒரு கலக்குக் கலக்கி, வாயில் வைத்து, வைத்ததை விழுங்கப் பெரும்பாடு பட்டார்.

"உப்பு."

"போடக்கூடாது அண்ணாச்சி. வயித்துல தண்ணி கூடும்."

"கூடினா?"

வடிவு கிண்ணத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"கூடினா என்ன ஆகும் சிஸ்டர்? ஆகப்போறது ஆகும்னு இப்பத்தான் சொன்னிய. பன்னெண்டு நாளா இந்தச் சுண்ணாம்புத் தண்ணியை எதுக்குக் குடிச்சேன்? குணமாயிருவேன்னு நினைச்சுல்லா குடிச்சேன்? என்ன மேடம்," என்று தடுப்புத் துணியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார், "நான் கேக்கது நியாயமா இல்லையா?" துணிக்குக் கீழே இரண்டு ஷூவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன பிள்ளை மாதிரி.

வடிவு எழுந்தாள். எழுந்ததும் கெண்டைக்கால் சுண்டியது. இருபத்தொன்பது வருஷப் படிப்பு ஒரு பக்கம் நின்று உப்பு கூடாது, நீர் ஏறும், மூச்சு முட்டும் என்றது. அது பொய் இல்லை. இன்னொரு பக்கம் ஒரு மனுஷன் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார். அதுவும் பொய் இல்லை. தடுப்பைத் தாண்டும்போது அபராஜிதா மேடம் அவள் கையைப் பிடித்தாள். மேடத்தின் மூக்கு நுனி சிவந்திருந்தது. மார்க் தாளில் குளுக்கோஸ் என்ற ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"சிஸ்டர், எங்க போறீங்க? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

"ஊறுகாய் எடுக்க மேடம்."

மேடம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அது ஏன் உங்களுக்கு முக்கியம் என்று கேட்கப்போகிறாள் என்று வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க," என்றாள் மேடம்.

டியூட்டி டாக்டர் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பதினான்காம் கட்டிலுக்கு ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுக்கலாமா என்று வடிவு கேட்டாள். அவர் பேனாவை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரியாதா என்ன. "சின்னத் துண்டா குடுங்க சிஸ்டர்" என்றார். "அப்படியே அவருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு டாக்டர், நான்தான் சொன்னேன், நாளைக்கு நீங்க உக்காந்து பேசணும்" என்றாள் ஒரே மூச்சில். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் அறைக்குள் போய்விட்டாள். ஏச்சு வாங்க வேண்டியிருக்கும், வாங்கிக்கொள்ளலாம், அது நின்றபடி செய்கிற வேலைதானே.

சாப்பாட்டு டப்பாவின் மேல் மூடியில் ஊறுகாய் இருந்தது. கட்டைவிரல் நகமளவு ஒரு துண்டைக் கத்தரித்துக் கஞ்சியின் ஓரத்தில் வைத்தாள். அண்ணாச்சி அதைக் கஞ்சியில் கலக்கவில்லை. தனியாக எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. முகத்தில் ஒரு அமைதி வந்து பரவியது போல வடிவுக்குத் தோன்றியது, இதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்தார்களோ, இதுதானோ அது என்று அவள் மேனி சிலிர்க்க நின்றபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் அண்ணாச்சி."

"வெந்தயம் கருகிட்டு."

வடிவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் ஊறுகாயை மேட்ரனே கேட்டு வாங்கிக்கொண்டு போவாள், மூன்று தெருவுக்கு அது போகிறது, மாவட்டத்தில் எந்த நாக்கும் அதைக் குறை சொன்னதில்லை. "கருகலை," என்றாள். துணைநிற்பது, கண்மட்டம், கனிவு எல்லாம் பறந்துபோக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சின்னத் தீயில வறுத்து, அம்மியில வச்சுப் பொடிச்சது. எப்படிக் கருகும்?"

"கருகிட்டு சிஸ்டர்," என்று மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஸ்பூனை அவள் முன்னால் நீட்டினார். "சாகப்போற மனுசன் எதுக்குப் பொய் சொல்லணும்? இன்னொரு துண்டு வைங்க."